கருவில் வளரும் சிசுவை முன்கூட்டியே அறிவோம்

அதிகாலையில் பெரட்டுக் களத்திற்குச் செல்லும் நம் தோட்டப்புறச் சகோதரிகளுள் கருவுற்றிருப்பவர்களும் இருப்பதுண்டு. இரண்டு மாதமாக நாள் தள்ளிப் போயிருக்கும். குமட்டலும் தலைச்சுற்றலும் வந்து போகும். ஆயினும், "மூன்று பிள்ளைகளைப் பெற்றவளுக்கு இது புதிதா? வயிறு தெரிந்த பிறகு கிளினிக்கிற்குப் போய்க் கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு, வெட்டுக் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மரத்திற்குச் சென்றுவிடுவர். வீட்டிலுள்ள மூத்தவர்களும் இதனைத் தவறாகக் கருதுவதில்லை. வயிறு தெரியத் தொடங்கும்போதோ நான்கு, ஐந்து மாதங்கள் கடந்துவிடுகின்றன.

இவ்வாறு கடந்துபோகும் மாதங்களே மிகவும் பயனுள்ள மாதங்கள் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிரசவ காலத்தில் நேரும் ஆபத்துகளுள் பல, திடீரென்று தோன்றுபவை போலத் தெரிந்தாலும், உண்மையில் பல வாரங்களுக்கு முன்னரே உள்ளே உருவாகிவிட்டவை ஆகும். அவற்றை வெளியிலிருந்து கண்ணாலும் கையாலும் அறிய முடியாது. 'அல்ட்ராசவுண்ட்' என்னும் கருவி அவற்றுள் பலவற்றைக் காட்டித் தருகின்றது. மக்கள் வழக்கில் இதனை 'ஸ்கேன்' என்கிறோம். பட்டணத்தில் வாழும் தாய்க்கு மருத்துவமனை சில நிமிடப் பயணத்தில் இருக்கும். செம்மண் சாலையைக் கடந்து, பெருஞ்சாலையை அடைந்து, பிறகு பட்டணம் செல்ல வேண்டிய தோட்டத்துத் தாய்க்கோ, ஆபத்தை முன்னரே அறிந்து வைத்திருப்பதே உயிர்க்காப்பு ஆகும். ஆகவே, இந்த ஸ்கேன் பிறரைக் காட்டிலும் நமக்கே மிகுதியாகத் தேவைப்படுகின்றது.

ஒலியால் பார்க்கும் முறை

பால் கொட்டும் தொட்டியோ, தண்ணீர்ப் பீப்பாயோ எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அறிய, அதன் பக்கத்தில் விரலால் தட்டிப் பார்க்கிறோம். வெற்றிடம் ஒரு வகையாகவும் நிறைந்த இடம் வேறு வகையாகவும் ஒலிக்கின்றது. திறந்து பாராமலே உள்ளே இருப்பதை ஒலியைக் கொண்டு உணர்கிறோம். கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பி வருவதையும் நாம் அறிவோம். அல்ட்ராசவுண்ட் கருவியும் எதிரொலியைக் கொண்டே வேலை செய்கின்றது.

மனிதச் செவி, வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளையே கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலியைத் தமிழில் 'கேளா ஒலி' என்பர். வௌவால் இருட்டில் பறக்கும்போது இத்தகைய ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு மரத்தையும் பூச்சியையும் கண்டுகொள்கின்றது. கருவுற்ற தாய்க்குப் பயன்படும் கருவியோ வினாடிக்குப் பல இலட்சக்கணக்கான அதிர்வுகளை, பெரும்பாலும் 30 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை, எழுப்புகின்றது.

மருத்துவர் தாயின் வயிற்றின் மேல் நகர்த்தும் கைப்பிடியில் சிறப்புப் படிகங்கள் பொருத்தப்பட்டுள்ளன. சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகின்றது என்பதை 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் கியூரி சகோதரர்களான ஜாக், பியர் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அதே படிகத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது அதிர்ந்து ஒலி எழுப்பும் என்பதும் பின்னர்ப் புலப்பட்டது. அவ்வொலி, உடலின் தசைக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, எலும்பு, தசை, நீர் ஆகியவற்றின் எல்லைகளில் மோதித் திரும்புகின்றது. திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தையும், எதிரொலியின் வலிமையைக் கொண்டு பொருளின் தன்மையையும் கணித்து, கருவி அதனைத் திரையில் படமாகக் காட்டுகின்றது. நீர் கறுப்பாகவும், எலும்பு வெண்மையாகவும், தசை சாம்பல் நிறமாகவும் தெரியும்.

இக்கருவி மருத்துவத்திற்கு வந்த வரலாறு தொழிலாளர்களாகிய நாம் அறிய வேண்டிய ஒன்றாகும். உலோகத்தின் உள்ளே வெடிப்பு இருக்கின்றதா என்று சோதிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் கேளா ஒலியைப் பயன்படுத்தி வந்தனர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டோனால்டு, 1955ஆம் ஆண்டில், அறுவையில் எடுக்கப்பட்ட கட்டிகளைக் கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு எடுத்துச் சென்று, அங்கிருந்த கருவியால் சோதித்துப் பார்த்தார். கட்டிக்குக் கட்டி எதிரொலி வேறுபடுவதைக் கண்டார். பின்னர், டாம் பிரவுன் என்ற பொறியியலாளரும் ஜான் மக்விக்கர் என்ற மருத்துவரும் அவருடன் இணைந்தனர். மூவரும் தம் முடிவுகளை 1958ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். குணப்படுத்த இயலாத புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்மணியின் வயிற்றில் இருந்தது, அகற்றக்கூடிய நீர்க்கட்டியே என்பதை அக்கருவி காட்டிக் கொடுத்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் நலமடைந்தார். வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து முடிவு செய்வதற்கும், உள்ளே பார்த்து முடிவு செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகின்றது.

முதல் ஸ்கேன்: நாளைக் கணிப்பதும் இடத்தை அறிவதும்

கருவுற்றதை அறிந்தவுடனே, 12 வாரங்களுக்குள், தாய் கிளினிக்கில் பதிந்துகொள்ள வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகளிலும் முதல் சந்திப்பு 12 வாரங்களுக்குள் அமைய வேண்டும் என்றும், 24 வாரம் நிறைவதற்குள் ஒரு முறையேனும் ஸ்கேன் செய்யப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது.

தொடக்க மாதங்களில் செய்யப்படும் ஸ்கேன் நான்கு செய்திகளைத் தெரிவிக்கின்றது.

முதலாவது, கரு சரியான இடத்தில் தங்கியிருக்கின்றதா என்பது. சில வேளைகளில் கரு கருப்பைக்குள் வந்து சேராமல், கருக்குழாயிலேயே தங்கி வளரத் தொடங்கும். அக்குழாய் மெல்லியது, வளரும் கருவைத் தாங்காமல் அது வெடித்துவிட்டால், வயிற்றினுள்ளேயே இரத்தம் பெருகித் தாயின் உயிருக்கு ஆபத்து நேரும். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியோ, சிறிதளவு இரத்தப்போக்கோ, மயக்கமோ ஏற்பட்டால் அதனை 'சூட்டு வலி' என்று எண்ணிக் கசாயம் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது, கரு உயிருடன் வளர்கின்றதா என்பது. ஏறத்தாழ ஏழாம் வாரத்தில் இதயத் துடிப்பைத் திரையில் காணலாம். சிலருக்குச் சிசு உருவாகாமல், திராட்சைக் குலை போன்ற நீர்க்குமிழிகளே கருப்பையில் வளர்வதுண்டு. இதனை 'முத்துப்பிள்ளை' என்றும் கூறுவர். இதை அகற்றியாக வேண்டும். அகற்றிய பின்னரும் மருத்துவர் குறிப்பிடும் காலம் வரை சோதனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, ஒரு சிசுவா, இரட்டையா என்பது. இரட்டையாயின், இரண்டும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கின்றனவா, தனித்தனியே பெற்றுள்ளனவா என்பதை ஏறத்தாழ 11 முதல் 14 வாரங்களுக்குள் தெளிவாகக் காணலாம். காலம் செல்லச் செல்ல இதனைக் கூறுவது கடினமாகிவிடும். ஒரே கொடியைப் பகிரும் இரட்டையரில் ஒன்றுக்கு இரத்தம் மிகுதியாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் செல்லக்கூடும். ஆகவே, அத்தகைய தாயை அடிக்கடி ஸ்கேன் செய்து கவனிக்க வேண்டியுள்ளது.

நான்காவது, சிசுவின் வயது. தாய்மார் பலர் கடைசி மாதவிலக்கு நாளைச் சரியாக நினைவில் வைத்திருப்பதில்லை. "தீபாவளிக்கு முன்பு", "சம்பள நாளுக்கு மறுநாள்" என்று கூறுவோரே அதிகம். முதல் மூன்று மாதங்களுக்குள் சிசுவின் தலை முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்தால், வயதை ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் துல்லியமாகக் கணித்துவிடலாம். அதே கணக்கைக் கடைசி மூன்று மாதங்களில் செய்தால், இரண்டு மூன்று வாரங்கள் வரை முன்பின் ஆகக்கூடும்.

"இரண்டு வாரம் முன்பின் ஆனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். ஒரு சிசு குறைமாதத்தில் பிறக்கும் நிலை ஏற்பட்டால், பிறப்பதற்கு முன்னரே தாய்க்கு ஓர் ஊசி மருந்தைச் செலுத்தி, சிசுவின் நுரையீரலைப் பக்குவப்படுத்த முடியும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிகின்ஸ், ஹோவி ஆகிய மருத்துவர்கள் 1972ஆம் ஆண்டில் இதனை மெய்ப்பித்தனர். அந்த மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதைச் சிசுவின் வயதைக் கொண்டே முடிவு செய்கின்றனர். வயது தெரியாவிடில், சிசு சிறிதாக இருப்பது வயது குறைவாலா, வளர்ச்சிக் குறைவாலா என்று கூறவும் இயலாது.

நடுமாத ஸ்கேன்: உறுப்புகளைச் சோதித்தல்

18 முதல் 22 வாரங்களுக்குள் செய்யப்படும் ஸ்கேனில் சிசுவின் தலை, முதுகுத்தண்டு, இதயம், வயிறு, சிறுநீரகங்கள், கைகால்கள் ஆகியவை ஒவ்வொன்றாகப் பார்க்கப்படுகின்றன. முதுகுத்தண்டு மூடாமை, இதயக் கோளாறு முதலியவை சில சிசுக்களிடம் காணப்படலாம். குறை ஒன்று தெரிந்தால் அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணி மனம் உடையத் தேவையில்லை. பிறந்தவுடன் அறுவைச் சிகிச்சை தேவைப்படும் சிசுவைச் சிறிய கிளினிக்கில் பெறாமல், குழந்தை மருத்துவ நிபுணர் உள்ள பெரிய மருத்துவமனையில் பெறுவதற்கு ஏற்பாடு செய்யலாம். பெற்றோரும் உண்மையை அறிந்து, மருத்துவருடன் கலந்து பேசி, மனத்தை ஆயத்தப்படுத்திக் கொள்ளலாம்.

இதே ஸ்கேனில் பனிக்குட நீரின் அளவும், நஞ்சுக்கொடி இருக்கும் இடமும் குறிக்கப்படுகின்றன. இவற்றுள் நஞ்சுக்கொடியின் இடம் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். தொலைவில் வாழும் நமக்கு இதுவே பெரிய பாடமாக அமைகின்றது.

நஞ்சுக்கொடி வழியை மறித்தால்

தாயின் இரத்தத்திலிருந்து சிசுவுக்கு உணவையும் உயிர்க்காற்றையும் பெற்றுத் தருவது நஞ்சுக்கொடியாகும். இது பெரும்பாலும் கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு இது கீழே அமைந்து, சிசு வெளிவர வேண்டிய வாயிலையே மறைத்துக்கொள்ளும். கடைசி மாதங்களில் கருப்பையின் அடிப்பகுதி விரியும்போது, அங்கு ஒட்டியிருக்கும் கொடி சற்றே பிரிய, இரத்தம் கொட்டத் தொடங்கும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்கும் மேலாக இரத்தம் பாய்கின்றது. ஒரு பெண்ணின் உடலில் உள்ள மொத்த இரத்தமோ ஏறத்தாழ ஐந்தாறு லிட்டர்தான். ஆகவே, இங்கு ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

இரண்டு தோட்டத்துச் சகோதரிகளை மனத்தில் நிறுத்திக் கொள்வோம். இது விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. இருவருக்கும் நஞ்சுக்கொடி கீழேதான் அமைந்திருக்கிறது. இருவர் வீடும் மருத்துவமனையிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

முதலாமவர் ஆறாம் மாதத்தில்தான் கிளினிக்கிற்குச் சென்றார். ஸ்கேனுக்குக் குறித்த நாள் சம்பள வாரத்தில் வந்ததால் போகவில்லை. எட்டாம் மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவில் விழித்தபோது பாய் நனைந்திருந்தது, பார்த்தால் இரத்தம். வலி சிறிதும் இல்லை. "வலி இல்லையே, விடியட்டும்" என்றார் மாமியார். கொடி வழிமறித்து வரும் இரத்தப்போக்கிற்கு வலி இல்லாமையே அடையாளம் என்பது அவ்வீட்டில் எவருக்கும் தெரியாது. விடிவதற்குள் மறுபடியும் பெருகியது. வண்டி தேடி, மழையில் சாலையைக் கடந்து, மருத்துவமனையை அடைந்தபோது தாயின் நாடி தளர்ந்திருந்தது. இரத்தப் பிரிவே அங்குதான் முதன்முறையாகச் சோதிக்கப்பட வேண்டியிருந்தது. அதன் பின் நடப்பது மருத்துவரின் திறமையோடு அதிர்ஷ்டத்தையும் பொறுத்ததாகிவிட்டது.

இரண்டாமவர் எட்டாவது வாரத்திலேயே பதிந்துகொண்டார். 20ஆம் வார ஸ்கேனில் கொடி கீழே இருப்பது தெரிந்தது. அந்த நேரத்தில் தாழ்ந்திருக்கும் கொடி, கருப்பை வளர வளரப் பெரும்பாலோருக்கு மேலே விலகிவிடும் என்று மருத்துவர் விளக்கி, 32ஆம் வாரத்தில் மீண்டும் வரச் சொன்னார். அப்போதும் அது விலகவில்லை. உடனே ஏற்பாடுகள் தொடங்கின. இரத்தச் சோகை நீங்க இரும்புச் சத்து மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. இரத்தப் பிரிவு குறித்து வைக்கப்பட்டது. வயிற்றை உருவிவிடுதல் கூடாது என்றும், கனமான வாளிகளைத் தூக்கக் கூடாது என்றும், சொட்டு இரத்தம் கண்டாலும் உடனே வர வேண்டும் என்றும் வீட்டாருக்கும் சொல்லப்பட்டது. கடைசி வாரங்களில் அவர் மருத்துவமனைக்கு அருகிலுள்ள அக்காள் வீட்டில் தங்கினார். 37ஆம் வாரத்தில், பகல் வேளையில், இரத்தம் ஆயத்தமாக இருக்க, அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது.

இருவருக்கும் கோளாறு ஒன்றே, சாலையும் ஒன்றே. முதலாமவர் அந்த 40 கிலோமீட்டரை நள்ளிரவில், இரத்தம் கொட்ட, கடக்க வேண்டியிருந்தது. இரண்டாமவர் அதே தூரத்தைப் பகலில் பேருந்தில் அமர்ந்து கடந்தார். ஸ்கேன் கொடியின் இடத்தை மாற்றவில்லை. ஆயத்தம் செய்வதற்கு வேண்டிய காலத்தைத் தேடித் தந்தது.

ஸ்கேன் பரவுவதற்கு முன்னர், கொடி வழிமறித்திருப்பதாக ஐயம் எழுந்தால், அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டே மருத்துவர்கள் தாயைச் சோதிக்க வேண்டியிருந்தது. விரல் பட்டாலே இரத்தம் பெருகும் அபாயம் இருந்தது. கொடியின் இடத்தைக் கேளா ஒலியால் அறியும் முறையை அமெரிக்க மருத்துவர்கள் 1966ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்று அதே செய்தியை வலியின்றிச் சில நிமிடங்களில் அறிகிறோம்.

இன்னொன்றையும் இங்குக் கூற வேண்டும். முந்தைய பிள்ளையை அறுவைச் சிகிச்சை மூலம் பெற்றவர்களுக்கு, கொடி அந்தப் பழைய வடுவின் மேல் ஆழமாக வேரூன்றக்கூடும். குழந்தை பிறந்த பின்னரும் அது பிரியாமல் பெரும் இரத்தப்போக்கை உண்டாக்கும். ஆகவே, முன்பு வயிற்றில் அறுவை நடந்திருந்தால் அதனைத் தாதியிடமும் மருத்துவரிடமும் மறவாமல் சொல்ல வேண்டும்.

கடைசி மாதங்களில்

ஒவ்வொரு முறையும் தாதி நாடாவால் வயிற்றை அளப்பதைக் கண்டிருப்பீர்கள். 24 வாரங்களுக்குப் பிறகு, அந்த அளவு சென்டிமீட்டரில் ஏறத்தாழ வாரக் கணக்கிற்கு ஒத்திருக்க வேண்டும். 32 வாரத்தில் 28 சென்டிமீட்டரே இருந்தால் சிசு போதிய வளர்ச்சி பெறவில்லையோ என்ற ஐயம் எழுகின்றது. அப்போது ஸ்கேன் மூலம் தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து எடையைக் கணிக்கின்றனர். 'டோப்ளர்' என்னும் முறையால் தொப்புள்கொடியில் இரத்தம் தடையின்றி ஓடுகின்றதா என்பதையும் பார்க்கின்றனர். ஓட்டம் குறைந்திருந்தால், சிசுவை உள்ளேயே விட்டுவைப்பதா, முன்னரே வெளியே எடுப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார். இனிப்பு நீர் உள்ள தாயின் சிசு அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகக்கூடும்; அதனையும் ஸ்கேன் காட்டும்.

36ஆம் வாரத்தில் சிசுவின் தலை கீழே திரும்பியுள்ளதா என்பது முக்கியமாகும். பிட்டமோ காலோ கீழே இருந்தால், பிரசவத்தை எங்கே, எவ்வாறு நடத்துவது என்று முன்னரே திட்டமிடலாம்.

ஸ்கேன் காட்டாதவை

ஸ்கேன் எடுத்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை என்று எண்ணுவது தவறு. இரத்தக் கொதிப்பையோ, இரத்தச் சோகையையோ, இனிப்பு நீரையோ இக்கருவி நேராகக் காட்டாது. கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரைச் சோதிப்பது, விரலில் இரத்தம் எடுப்பது ஆகிய எளிய சோதனைகளே அவற்றைக் கண்டறிகின்றன. எல்லாக் குறைகளையும் ஸ்கேன் காட்டிவிடும் என்றும் உறுதி கூற இயலாது. சிசு படுத்திருக்கும் நிலை, தாயின் உடல் பருமன், பார்ப்பவரின் பயிற்சி ஆகியவற்றைப் பொறுத்துச் சில தவறிப்போகலாம். ஆகவே, பட்டணத்துத் தனியார் கிளினிக்கில் பணம் கொடுத்து ஒரு முறை படம் எடுத்துக்கொண்டு, அரசாங்க கிளினிக்கின் மாதச் சோதனைகளை விட்டுவிடுவது சரியன்று.

நம் நாட்டுக் கிளினிக்குகளில் கருவுற்ற ஒவ்வொரு தாய்க்கும் ஒரு சுகாதாரப் பதிவுப் புத்தகம் தரப்படுகின்றது. அதில் தாயின் நிலைக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் நிறக் குறியீடு இடப்படுகின்றது. வெள்ளை, ஆபத்து குறைந்த நிலையைக் குறிக்கும். பச்சையும் மஞ்சளும் மருத்துவரின் கூடுதல் கவனிப்பு தேவை என்பதைக் குறிக்கும். சிவப்பு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் குறிக்கும். உங்கள் புத்தகத்தில் என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று தாதியைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். எங்குச் சென்றாலும் அப்புத்தகத்தை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

வீண் அச்சங்கள்

"ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்குச் சூடு பட்டுவிடும்" என்று அஞ்சுவோர் உளர். எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் ஒன்றாக எண்ணுவதே இவ்வச்சத்திற்குக் காரணம். எக்ஸ்ரே கதிர்வீச்சைக் கொண்டது. கருவிலுள்ள சிசுவின் மீது அது படுவதால் தீங்கு நேரலாம் என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1950களில் எடுத்துக்காட்டினார். அல்ட்ராசவுண்டில் அத்தகைய கதிர்வீச்சு இல்லை. அது ஒலி மட்டுமே. மருத்துவக் காரணத்திற்காகப் பயிற்சி பெற்றோர் செய்யும் ஸ்கேனால் சிசுவுக்குத் தீங்கு நேர்ந்ததாக இதுகாறும் உறுதிப்படவில்லை. எனினும், வேடிக்கைக்காகவும் படம் சேர்ப்பதற்காகவும் அடிக்கடி எடுப்பதைத் தவிர்ப்பதே நலம்.

சோதனையும் எளியது. தாய் படுக்கையில் படுத்துக்கொள்வார்; வயிற்றின் மேல் குளிர்ச்சியான களிம்பைத் தடவி, கைப்பிடியை நகர்த்துவர். தொடக்க மாதங்களில் சிறுநீரை அடக்கி வருமாறு கூறலாம். மற்றபடி வலியோ மயக்க மருந்தோ இல்லை.

"ஆணா, பெண்ணா என்று பார்த்தார்களா?" என்பதே வீட்டில் முதலில் எழும் கேள்வியாக இருக்கின்றது. அதற்காக ஏற்பட்டதன்று இக்கருவி. பெண் சிசுவை வெறுக்கும் போக்கினால் இக்கருவி தவறாகப் பயன்பட்டதைக் கண்டு, இந்தியா 1994ஆம் ஆண்டில் பாலினத்தை அறிவிப்பதைத் தடுக்கும் சட்டத்தையே இயற்ற வேண்டியதாயிற்று. "கொடி எங்கே இருக்கிறது? வளர்ச்சி சரியாக உள்ளதா? மறுபடி எப்போது வர வேண்டும்?" என்ற மூன்று கேள்விகளையே நாம் கேட்க வேண்டும்.

குடும்பத்தாரின் கடமை

வேலை போய்விடுமோ, நாட்கூலி குறையுமோ என்ற கவலையால் கருவுற்றதை மறைக்கும் சகோதரிகளும் இருக்கின்றனர். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து மகப்பேற்று விடுப்பு 60 நாட்களிலிருந்து 98 நாட்களாக உயர்த்தப்பட்டது. கருவுற்ற காரணத்திற்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது குற்றமாகும் என்பதும் அத்திருத்தத்தில் அடங்கும். ஆகவே, மறைப்பதற்குக் காரணமில்லை. கங்காணியிடமோ மண்டோரிடமோ முன்னரே கூறி, கிளினிக் நாளுக்கு விடுப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு நாள் வெட்டுக் கூலி போனால் போகட்டும் என்று கணவர்மார் சொல்ல வேண்டும். மனைவியுடன் தாமும் செல்ல வேண்டும். மருத்துவர் கூறுவதை இருவர் கேட்டால் ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவுபடுத்துவர். மாமியார்களும் தாய்மார்களும் தம் அனுபவத்தை ஆதரவாக வழங்கட்டும். தடையாக வைக்க வேண்டாம். "நாங்கள் லயத்திலேயே பெற்றோம்" என்பது உண்மைதான். அவ்வாறு பெற்றபோது இழந்த தாய்மாரையும் சிசுக்களையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. நாள் தள்ளிப்போனவுடன், 12 வாரங்களுக்குள், கிளினிக்கில் பதிந்துகொள்க. கடைசி மாதவிலக்கு நாளை நாட்காட்டியில் குறித்து வைக்க.

2. 18 முதல் 22 வாரங்களுக்குள் உறுப்புகளைச் சோதிக்கும் ஸ்கேனைக் கேட்டுப் பெறுக. மீண்டும் வரச் சொன்ன நாளைத் தவறவிட வேண்டாம்.

3. கொடி கீழே உள்ளது என்று கூறப்பட்டால், வயிற்றை உருவிவிடுதல் கூடாது. கனம் தூக்குதல் கூடாது.

4. இரத்தப்போக்கு, நீர் உடைதல், கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு ஆகியவற்றுள் எது கண்டாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க. அவசர உதவிக்கு 999 எண்ணை அழைக்க.

5. 28ஆம் வாரத்திலிருந்து சிசுவின் அசைவைக் கணக்கிடுக. 12 மணி நேரத்தில் 10 அசைவுகள் வராவிட்டாலும், அசைவு திடீரெனக் குறைந்தாலும் அன்றே கிளினிக்கிற்குச் செல்க.

6. இரவில் அழைத்துச் செல்ல வண்டி எது, ஓட்டுபவர் யார், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்து வைக்க.

மரத்தில் பட்டை நோய் தொடக்கத்திலேயே தெரிந்தால், வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுத்து மரத்தைக் காக்க முயல்கிறோம். நோய் முற்றிய பின் மரம் பயன்படாமல் போகின்றது. மரத்திற்குக் காட்டும் இந்த முன்யோசனையை நம் வீட்டுத் தாய்க்கும் அவள் வயிற்றுச் சிசுவுக்கும் காட்ட வேண்டாமா? உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கருவுற்ற சகோதரி ஒருவர் இருப்பாரானால், இந்த வாரமே அவரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.